எத்தனை தரம்

செட்டிகுளம்
11.05.2025

தம்பி நாஸிம்,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று நாளாக நீ எடுத்த அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். போனில் நீ ஒன்று சொல்வாய். பிறகு நான் அதைக் கேட்டால், அப்படிச் சொல்லவே இல்லையே லாத்தா என்பாய். கடுதாசியில் எழுது. எழுதினது எழுதினபடி கிடக்கும்.

போன வியாழக்கிழமை மகள் ஸம்ஹாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். குற்றிக்காசை நீ தந்த மாதிரியே பஞ்சில் சுற்றி, மருந்துப் போத்தலுக்குள் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வவுனியாவில் பஸ் ஏறியதிலிருந்து கண் மூடவில்லை. பதினொரு லட்சத்தை மடியில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது.

புறக்கோட்டையில் பழைய காசு வாங்கி விற்கிற ஒரு கடை. கடைக்காரர் வயதானவர், தமிழ் நன்றாகப் பேசினார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அவருடைய தேத்தண்ணி பாதி முடிவதற்குள் பார்த்து முடித்துவிட்டார். "இதை என்னத்தால தேய்ச்சீங்க தங்கச்சி?" என்று கேட்டார். ஒருவரும் தேய்க்கவில்லை, தம்பி மலசலகூடக் குழி வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றேன். அவர் கண்ணாடியை என் கையில் தந்தார். அரசனின் முகம் முழுக்கக் கீறல். சாம்பல் போட்டுத் தேய்த்த சட்டியின் அடி மாதிரி இருந்தது.

"செம்புக் காசுக்கு அந்தக் கறுப்புத்தான் தோல். நீங்க தோலை உரிச்சுப் போட்டீங்க. இனி இதுக்குத் தரம் எண்டு ஒண்டும் இல்லை."

முந்நூறு ரூபாய் தரலாம், அதுவும் தூரத்திலிருந்து வந்ததற்காக என்றார். கழுவாமல் கொண்டுவந்திருந்தால் சில ஆயிரம் போயிருக்குமாம். லட்சம் என்ற பேச்சே இல்லை. போனில் ஒரு ஆப் படத்தைப் பார்த்துப் பதினொரு லட்சம் சொன்னது என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். கிழமைக்கு இரண்டு பேர் இப்படி வருகிறார்களாம். அந்த ஆப்புகள் வெளிச்சம் மாறினால் விலையும் மாற்றிச் சொல்லும், உங்களுக்குக் காட்டினவரிடம் எத்தனை தரம் படம் எடுத்தவர் என்று கேளுங்கள் என்றார்.

அதனால் கேட்கிறேன். இந்தக் காசை நம்பித்தான் வாப்பாவின் அரை ஏக்கரில் என் பாதியை உனக்கு உறுதி எழுதி, கையெழுத்து வைத்துத் தந்தேன். இதை விற்றுத்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிற இந்த வீட்டையும் வளவையும் சிற்றம்பலம் அண்ணரிடம் வாங்க இருந்தேன். அவர் ஜூலை முடியும்வரை தவணை தந்திருக்கிறார். பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

நீ எத்தனை தரம் படம் எடுத்தாய்?

லாத்தா, நஸீஹா


நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு
19.05.2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. முத்திரை வாங்கப் போன இடத்தில் தபால்காரரே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிள்ளைகளின் கொப்பியில் நாலு தாள் கிழித்ததற்கு வீட்டில் சபூறாவிடம் பேச்சும் வாங்கினேன். உங்களுக்காக எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

கொழும்பு வியாபாரிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? முந்நூறுக்கு வாங்கி மூன்று லட்சத்துக்கு விற்கிற ஆட்கள். வயதையும் நம் பாசை பேசுவதையும் பார்த்து மயங்கிவிட்டீர்கள். நல்லகாலம் கொடுக்காமல் வந்தீர்கள். வேறு ஒரு இடத்தில் காட்டுவோம். எனக்கு ஒரு மாதம் தாருங்கள்.

தேய்த்தது உண்மைதான். அதைச் சபூறா செய்தாள். நோன்புக்கு முன்னம் வீட்டில் இருந்த பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டுப் பழப்புளியும் சாம்பலுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தவள், குழி வெட்டும்போது மண்ணுக்குள் கிடைத்த வாப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த காசுகளையும் அதோடு சேர்த்துத் தேய்த்துவிட்டாள். நான் வந்து பார்க்கும்போது எல்லாம் வெயிலில் வரிசையாகக் காய்கிறது. கேட்டதற்கு, "கறுப்பாக் கிடந்தா ஆர் பாப்பாங்க?" என்கிறாள். முகம் முழுக்கச் சந்தோசம். அவளை எப்படி ஏசுவது? எனக்கும் அப்போது அது நல்லது என்றுதான் பட்டது. அரசனின் காது, மயிர், பின்பக்கத்துப் பனையின் ஓலை எல்லாம் தெரிந்தது.

நீங்கள் தரம் கேட்டிருந்தீர்கள். ஆப்பில் அது தெளிவாக இருக்கிறது. எழுபதுக்கு அறுபத்தாறு. ஐந்து நட்சத்திரத்தில் நாலரை. நான் சாதாரணதரப் பரீட்சையில் எடுத்ததை விட எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. வீட்டுத்திட்டத்தின் முதல் பணம் வந்தது, கல்லும் சீமெந்தும் வாங்கினேன். உங்கள் கையெழுத்தால்தான் இது நடந்தது. சபூறா ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்குத் துஆச் செய்கிறாள்.

பைறூஸ் மச்சானுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

தம்பி நாஸிம்


செட்டிகுளம்
28.05.2025

நாஸிம்,

நான் கேட்டது அந்தத் தரம் இல்லை என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் எத்தனை தரம் பெருக்கினாய் என்று கேட்டதற்கு, முதலாம் தரம் சேர் என்று சொல்லி அடி வாங்கினவன் நீ. அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கு இப்போது சிரிக்கத் தெம்பு இல்லை. எத்தனை முறை என்று கேட்கிறேன். எண்ணிக்கை.

கொழும்பிலிருந்து வந்த பிறகு ஸம்ஹா அந்த ஆப்பைத் தன் போனில் போட்டாள். குற்றிக்காசைப் பாயில் வைத்து எடுத்தாள், ஆயிரத்து இருநூறு ரூபாய். வெள்ளைத் துணியில் வைத்தாள், முப்பத்தெட்டாயிரம். லைட்டுக்குக் கீழே வைத்தாள், இது இந்த நாட்டுக் காசே இல்லை என்றது. பிறகு மச்சானின் சேட்டுப் பொத்தான் ஒன்றை வைத்து எடுத்தாள். அதற்கு நூற்றைம்பது வருடப் பழமையும் அறுபதாயிரம் ரூபாயும் சொன்னது. மச்சான் இரண்டு நாளாகச் சேட்டைக் கழற்றாமல் திரிகிறார், விலை உயர்ந்த மனிசன் என்று. இந்த வீட்டில் சிரிப்பு அவ்வளவுதான்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும். நீ காணியைக் காணியாகத்தான் நினைக்கிறாய். புத்தளத்தில் அகதியாக இருந்த இருபது வருடமும் எங்களை முல்லைத்தீவு ஆக்கள் என்றார்கள். தண்ணீர் பிடிக்கப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் அந்தப் பெயர்தான். இங்கே வந்தோம், இங்கே எங்களைப் புத்தளத்து ஆக்கள் என்கிறார்கள். ஒவ்வொரு படிவத்திலும் நிரந்தர முகவரி என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு நேரே நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாப்பாவின் உறுதியில் மட்டும்தான் என் பெயரும் ஊரும் ஒரே வரியில் இருந்தது. அதை நான் ஒரு படத்துக்காக வெட்டிக் கொடுத்தேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை விட என்மேல் அதிகம்.

சிற்றம்பலம் அண்ணர் நேற்று வந்தார். நல்ல மனிதர். முற்றத்திலேயே நின்று, "பிள்ளை, மகன் வெளிநாட்டில இருந்து நெருக்குறான், நான் என்ன செய்ய" என்றார். அவரிடம் பதினொரு லட்சத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எத்தனை முறை?

நஸீஹா


நீராவிப்பிட்டி
10.06.2025

லாத்தா,

பெருநாள் வந்து போனது. ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம் நீங்கள். பிள்ளைகள் மாமி ஏன் கதைக்கவில்லை என்று கேட்டார்கள். மாமிக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னேன்.

நீங்கள் எழுதினதை நாலு முறை வாசித்தேன். எனக்கும் சொல்ல இருக்கிறது. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளியேற்றி நாங்கள் வெளிக்கிடும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திரும்பி வந்தது யார்? 2011-ல் வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் தனியாக வந்தேன். காணியில் ஆள் உயரத்துக்குப் பற்றை. எல்லையில் கண்ணிவெடி அகற்றினவர்கள் நட்ட சிவப்புத் தடி அப்போதும் நின்றது. கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் இறைத்தேன். நீங்கள் புத்தளத்தில் இருந்துகொண்டு, "நீ போய்ப் பாரு, பின்னால நாங்க வாறம்" என்றீர்கள். அந்தப் பேச்சு என் காதில் இன்னும் கிடக்கிறது. நீங்கள் வந்தது செட்டிகுளத்துக்கு, மச்சானின் ஆட்களிடம்.

பதினாலு வருடம் தகரக் கொட்டிலில் இருக்கிறோம். வெயிலுக்குப் பிள்ளைகள் உள்ளே இருக்க மாட்டார்கள், மழைக்கு வெளியே இருக்க முடியாது. வீட்டுத்திட்டத்துக்கு மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் காணி இரண்டு பெயரில் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். நான் என்ன செய்வது? லாத்தா, காணியைச் சும்மா தாருங்கள் என்று கேட்கவா? வாப்பா உங்களுக்கு எழுதினதைச் சும்மா கேட்கிற அளவுக்கு நான் இன்னும் விழவில்லை. ஈடாக ஒன்று தர வேண்டும் என்று நினைத்தேன். தந்தேன். பெட்டியில் இருந்ததில் ஆகப் பெறுமதியானதைத் தந்தேன்.

என்னை ஏமாற்றுக்காரன் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு கடிதத்தோடு முடிந்திருக்கும். முறை, முறை என்று கேட்டுக் கொல்கிறீர்கள். இதோ ஆப் சொன்னது. போட்டோக் கொப்பிக் கடையில் கலரில் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். விலையைப் பாருங்கள், தரத்தைப் பாருங்கள். நான் கையால் எழுதினது ஒன்றும் இல்லை. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

நாஸிம்


செட்டிகுளம்
17.06.2025

தம்பி,

கேட்கவில்லை. நீயே அனுப்பிவிட்டாய்.

கலரில் எடுத்த தாளில், விலைக்குக் கீழே, மூலையில், எறும்பு அளவில் 9/9 என்று இருக்கிறது. நான் அதை ஏதோ திகதி என்று நினைத்தேன். ஸம்ஹாதான் சொன்னாள், ஒரே காசை எத்தனை முறை எடுத்தாலும் ஆப் அதை எண்ணி வைத்திருக்குமாம். ஒன்பதில் இது ஒன்பதாவது.

மற்ற எட்டும் என்ன சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை. நான் சட்டத்தரணியிடம் போகவும் மாட்டேன். நீ வெட்டின அத்திவாரத்தை மூடச் சொல்லவும் மாட்டேன். அதற்கெல்லாம் ஓட என் காலில் பெலன் இல்லை. வீடு வேறு தேடத் தொடங்கியிருக்கிறோம். நீ என் தம்பி. அது மாறாது. ஆனால் உன் கதையைக் கேட்கும்போதெல்லாம் இது எத்தனையாவது என்று இனி நான் எண்ணுவேன். அதுதான் எனக்குத் துக்கம்.

நஸீஹா


நீராவிப்பிட்டி
02.07.2025

லாத்தா,

அந்தத் தாளை நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன். பதினொரு லட்சத்தை மட்டும்தான் பார்த்தேன். மூலையைப் பார்க்கவே இல்லை.

இப்போது எழுதுகிறேன். எழுதினது கிடக்கட்டும்.

முதலாவது படம், பெட்டி எடுத்த அன்றே எடுத்தது. காசு கறுப்பு, மண் ஒட்டியிருந்தது. நாலாயிரத்துச் சொச்சம், தரம் சொல்ல முடியாது என்றது. எனக்கு அது போதாமல் இருந்தது. சபூறா தேய்த்த பிறகு திரும்ப எடுத்தேன். தொள்ளாயிரம். இன்னொன்று, இருபத்தாறாயிரம். கதிரையில் வைத்து, சுவரில் சாய்த்து, உள்ளங்கையில் வைத்து என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். எட்டாவதுக்கு, இது சிறுபிள்ளைகளின் விளையாட்டுக் காசு என்றது. நான் அதைக் கொட்டிலின் தகரத்தில் வைத்தேன், நடுமத்தியானம், கண் கூசும் வெயில். பதினொரு லட்சம்.

சபூறா பக்கத்தில் நின்றாள். "இன்னொருக்கா எடுத்துப் பாருங்களேன்" என்றாள். நான் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். பத்தாவது எடுத்தால் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும் லாத்தா. தெரிந்துதான் எடுக்கவில்லை. ஆப் பொய் சொன்னது ஒருபக்கம். எந்தப் பொய்யோடு நிறுத்துவது என்று முடிவெடுத்தது நான்.

உங்களிடம் நேரே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்கள் என்ற பயம்தான். வாங்கின பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பது எப்படி? ஈடு கொடுத்து வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்று தேவைப்பட்டது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

உறுதியில் இப்போது பெயரை மாற்றினால் மிச்சப் பணம் நின்றுவிடும். வீடு முடிந்து கடைசிப் பணம் வந்த கிழமையே உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் நானே உங்களைக் கூட்டிப்போவேன். அதுவரைக்கும் இந்தக் கடுதாசியை உறுதியாக வைத்திருங்கள்.

கச்சு முகம்மது மகன் நாஸிம் எழுதிக் கொடுப்பது: நீராவிப்பிட்டிக் காணியில் கிணற்றுக்குக் கிழக்கே உள்ள பாதி என் லாத்தா நஸீஹாவுக்குச் சொந்தம். நான் எழுதினேன். சாட்சி சபூறா, அவளும் தாளின் ஓரத்தில் ஒப்பம் வைத்திருக்கிறாள்.

வீடு தேட வேண்டாம். வீட்டில் ஒரு அறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. மேலே தகரம் போட்டு நாங்கள் அதற்குள் போகிறோம். கொட்டிலை உங்களுக்கு விடுகிறோம். வசதியான இடம் இல்லை, நான் முன்னம் எழுதினதுதான். ஆனால் அது கிணற்றுக்குக் கிழக்கே நிற்கிறது.

நாஸிம்


செட்டிகுளம்
09.07.2025

தம்பி நாஸிம்,

உன் கடுதாசியை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழும்பிப்போய் லொறிக்காரரிடம் கதைத்துவிட்டு வந்தார். 26ஆம் திகதி சனிக்கிழமை சாமானோடு வருகிறோம். சிற்றம்பலம் அண்ணருக்குச் சொல்லிவிட்டேன். கடுதாசியை என் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன்.

நான் எழுத வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நீ கேட்கவில்லை. கேட்க உனக்குத் தோன்றியும் இருக்காது.

ஸம்ஹா கொழும்பிலிருந்து வந்த பிறகுதான் ஆப்பைப் போட்டாள் என்று எழுதியிருந்தேன். அது பொய். உறுதி முடித்த அன்று நொத்தாரிசின் கந்தோரில் எங்களை இருத்திவிட்டு நீ சோடா வாங்கப் போனாய். அந்த நேரம் அவள் அதைப் போட்டு, காசை அங்கே இருந்த வாங்குப் பலகையில் வைத்து ஒரு படம் எடுத்தாள். "உம்மா, இதில தொள்ளாயிரம் எண்டு காட்டுது" என்றாள். நான், "போனை உள்ளுக்கு வை. மாமாட போன் நல்ல போன்" என்றேன். நீ சோடாவோடு வந்தாய். நான் குடித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு இந்த வளவு வேண்டியிருந்தது. அலைந்தது போதும் என்று இருந்தது. அதற்குப் பதினொரு லட்சம் தேவையாக இருந்தது, உன் போனில் அது இருந்தது. உன்னை இரண்டு கடுதாசியாக எண்ணச் சொன்னேன். என்னுடையதையும் எண்ணிக்கொள். ஒரு தரம்.

குற்றிக்காசு என்னிடம்தான் இருக்கிறது. போத்தலுக்குள்ளேயே விளிம்பில் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. அது தன்பாட்டில் கறுக்கட்டும், கொண்டுவருகிறேன்.

சபூறாவிடம் சொல்லு. லாத்தா வருகிறா என்று ஒன்றையும் தேய்க்க வேண்டாம். எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்.

கச்சு முகம்மது மகள்
நஸீஹா
நீராவிப்பிட்டி